பூனை வாந்தி எடுத்தால் என்ன செய்வது? கால்நடை மருத்துவர் பதில்கள்

கேள்வி: எங்கள் பூனைக்கு மூன்று வயது, உடல் முழுவதும் நீண்ட முடி. சில மாதங்களாக வாரத்துக்கு இரண்டு முறையாவது வாந்தி எடுக்கிறது. சில சமயம் அதில் முடி உருண்டை இருக்கிறது, சில சமயம் வெறும் நுரைதான். பூனை என்றால் வாந்தி எடுக்கத்தான் செய்யும் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். அப்படி விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிட வேண்டாம். பூனை வளர்ப்போரிடையே மிக ஆழமாக வேரூன்றியிருக்கும் நம்பிக்கை இதுதான். மருத்துவரிடம் பூனைகள் தாமதமாக வந்து சேர்வதற்கும் இதுவே பெரிய காரணமாக இருக்கிறது. பூனையின் நாக்கில் தொண்டையை நோக்கி வளைந்த சிறு முட்கள் உண்டு. தன்னை நக்கிச் சுத்தம் செய்யும்போது அவற்றில் சிக்கும் முடியை அது விழுங்கத்தான் வேண்டியிருக்கிறது. குடல் ஆரோக்கியமாக இருந்தால், அந்த முடியில் பெரும்பகுதி மலத்தோடு வெளியேறிவிடும். நீண்ட முடியுள்ள பூனை, முடி உதிரும் காலத்தில், எப்போதாவது ஒரு முடி உருண்டையைக் கக்கிவிட்டு உடனே வழக்கம்போல் விளையாடப் போனால் கவலைப்பட ஒன்றுமில்லை. வாரத்துக்கு இரண்டு முறை என்பது அந்தக் கணக்கில் சேராது.

வாந்தியில் முடி இருப்பதாலேயே முடிதான் நோய்க்குக் காரணம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பூனை அளவுக்கு மீறி முடியை விழுங்குகிறதா, அல்லது வழக்கமான அளவு முடியைக்கூடக் குடலால் கீழே தள்ள முடியவில்லையா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தெள்ளுப்பூச்சி, தோல் ஒவ்வாமை, மன அழுத்தம், உடலில் எங்கோ ஒரு வலி ஆகியவற்றால் பூனை தன்னை இடைவிடாமல் நக்கலாம். வயிற்றுப் பகுதியிலோ தொடைகளிலோ முடி மெலிந்து தோல் தெரிகிறதா என்று பாருங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால், குடலில் நாட்பட்ட அழற்சி இருக்கக்கூடும். உணவிலுள்ள ஏதோ ஒரு புரதம் ஒத்துக்கொள்ளாததால் இவ்வாறு ஆகும் பூனைகள் பல உண்டு.

மருத்துவரிடம் செல்லும் முன் நீங்கள் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள காரியம், அந்த நிகழ்வைக் கைப்பேசியில் காணொளியாகப் பதிவு செய்வதுதான். உண்மையான வாந்திக்கு முன் பூனை உதட்டை நக்கும், எச்சில் வடிக்கும், நிலைகொள்ளாமல் நடக்கும், பிறகு வயிறு பலமுறை உள்வாங்கிச் சுருங்கும். சாப்பிட்ட சிறிது நேரத்தில், எந்த முயற்சியும் இல்லாமல், செரிக்காத உணவு நீள உருளையாக அப்படியே வெளியே வந்து விழுந்தால், அது எதுக்களிப்பு. கோளாறு இரைப்பையில் இல்லாமல் உணவுக்குழாயில் இருக்கலாம், அல்லது பூனை அவசர அவசரமாக விழுங்கியிருக்கலாம். கழுத்தை முன்னே நீட்டித் தரையோடு பதுங்கி உட்கார்ந்து, 'கக் கக்' என்று ஒலியெழுப்பி, கடைசியில் எதுவுமே வெளியே வராவிட்டால், அது பெரும்பாலும் இருமல்தான். ஆஸ்துமா உள்ள பூனைகள் பலவற்றுக்கு முடி உருண்டை எளிதில் வெளியேறுவதற்கான பசை மருந்தைத் தந்துகொண்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். இந்த மூன்றுக்கும் சிகிச்சை வேறு வேறு என்பதால், ஒரு நிமிடக் காணொளி சில பரிசோதனைகளையே மிச்சப்படுத்தும்.

இதோடு மாதம் ஒருமுறை பூனையின் எடையைக் குறித்து வையுங்கள். நான்கு கிலோ பூனை 400 கிராம் இழப்பது, அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் ஆறு கிலோ இழப்பதற்குச் சமம். ஆனால் முடி மூடிய உடலில் அது கண்ணுக்குத் தெரியாது. வாந்தி மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால் அதை நாட்பட்ட வாந்தி என்றே கொள்கிறோம். மருத்துவர் இரத்தப் பரிசோதனை, மலப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன் ஆகியவற்றில் தேவையானவற்றைச் செய்துவிட்டு, பூனை இதுவரை உண்ணாத புரதம் கொண்ட உணவையோ, புரதம் நுண்ணிய துணுக்குகளாக உடைக்கப்பட்ட சிறப்பு உணவையோ பரிந்துரைக்கலாம். உணவுதான் காரணம் என்றால் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களிலேயே வாந்தி குறைவதைக் காண்பீர்கள். அந்தக் காலத்தில் வேறு ஒரு துண்டு தின்பண்டம்கூடக் கொடுக்கக் கூடாது. வீட்டில் ஒருவர் இரக்கப்பட்டு ஊட்டினாலும் சோதனை வீணாகிவிடும்.

கேள்வி: தையல் நூலோடு விளையாடிக்கொண்டிருந்த எங்கள் பூனை நேற்றிலிருந்து எதைக் கொடுத்தாலும் வாந்தி எடுக்கிறது. இன்று காலையில் ஆசனவாயில் நூலின் நுனி தொங்குவதைக் கண்டேன். மெதுவாக இழுத்து எடுத்துவிடலாமா?

பதில்: தயவுசெய்து இழுக்காதீர்கள். இதைப் படித்து முடிப்பதற்குள் பூனையை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் ஏற்பாட்டைச் செய்துவிடுங்கள். நூல், நாடா, ரிப்பன் போன்ற நீளமான பொருள்களின் ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையின் வாயிலிலோ சிக்கிக்கொள்ளும்; மறுமுனையைக் குடல் தன் இயல்பான அசைவால் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும். இதனால் குடல் நூலின்மேல் மடிப்பு மடிப்பாகச் சுருங்கி ஏறிக்கொள்ளும்; இறுகிய நூல் குடற்சுவரை அறுத்துக்கொண்டு போகும். நீங்கள் வெளியிலிருந்து இழுத்தால் அந்த அறுப்பு ஒரே நொடியில் நிகழ்ந்துவிடலாம். குடலில் ஓட்டை விழுந்து வயிற்றறை முழுவதும் தொற்று பரவினால் பூனையைக் காப்பாற்றுவது மிகக் கடினம். வெளியே தொங்கும் நூல் மிக நீளமாக இருந்து, அது எதிலாவது மாட்டிக்கொள்ளும் என்ற அச்சம் இருந்தால், இழுக்காமல், உடலுக்குச் சற்று வெளியே கத்தரித்துவிடலாம். அதற்கு மேல் எதுவும் செய்ய வேண்டாம்.

நூலோடு ஊசியும் போயிருக்கக்கூடும் என்ற ஐயம் சிறிதேனும் இருந்தால் மருத்துவரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். ஊசி எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும், நூல் தெரியாது. குடல் கூடிச் சுருங்கியிருக்கும் விதத்தை எக்ஸ்ரேயிலும் ஸ்கேனிலும் பார்த்துத்தான் நூல் இருப்பதை ஊகிக்க வேண்டியிருக்கும். பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவைப்படும். விரைவில் செய்தால் பிழைக்கும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. தலைமுடிக்குப் போடும் ரப்பர் வளையங்களும் இதேபோல் அடைப்பை உண்டாக்குவதை அடிக்கடி காண்கிறோம்.

கேள்வி: பூனை காலையில் இரண்டு முறை வாந்தி எடுத்துச் சோர்ந்து படுத்திருக்கிறது. உடல் சூடாக இருப்பதுபோல் தோன்றுகிறது. எங்களுக்குக் காய்ச்சல் வந்தால் சாப்பிடும் பாராசிட்டமாலில் கால் மாத்திரை கொடுக்கலாமா? வாந்தியை நிறுத்த வீட்டு மருந்து ஏதாவது உண்டா?

பதில்: கால் மாத்திரை என்ன, ஒரு துணுக்குகூடக் கொடுக்கக் கூடாது. பாராசிட்டமாலை முறித்து வெளியேற்றத் தேவையான நொதியின் செயல் பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. அதனால் அந்த மருந்து வேறு வழியில் சிதைந்து, நச்சாகி, இரத்தச் சிவப்பணுக்களைத் தாக்குகிறது. இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கிறது. ஈறுகள் பழுப்பாகவோ நீலமாகவோ மாறும், முகமும் பாதங்களும் வீங்கும், மூச்சு வாங்கும். 500 மில்லிகிராம் மாத்திரையில் கால் பங்கு என்றால் 125 மில்லிகிராம். நான்கு கிலோ பூனைக்கு நஞ்சாக அதுவே போதுமானது. ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால், அறிகுறிக்காகக் காத்திருக்காமல் உடனே ஓடுங்கள். முறிவு மருந்து இருக்கிறது, நேரத்தோடு கொடுத்தால் பலன் தரும். இப்யூபுரூஃபன், ஆஸ்பிரின் போன்ற மனிதர்களுக்கான வலி மருந்துகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பூனைகளுக்குப் பயன்படும் வாந்தி நிறுத்தும் மருந்துகள் உண்டு. ஆனால் குடலில் அடைப்பு இருக்கும்போது வாந்தியை மட்டும் நிறுத்தினால் ஆபத்து மறைந்து வளரும் என்பதால், பரிசோதித்த பிறகு மருத்துவரே அவற்றைத் தருவது நல்லது. கையால் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று முடிவு செய்யவும் முடியாது. பூனையின் இயல்பான உடல் வெப்பமே நம்முடையதைவிடக் கூடுதல், ஏறத்தாழ 38 முதல் 39 டிகிரி செல்சியஸ்.

பூனை நஞ்சைத் தின்றுவிட்டதென்று தெரிந்தாலும் வீட்டில் வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள். உப்புக் கரைசல் உடலின் சோடியத்தை ஆபத்தான அளவுக்கு உயர்த்தும். ஹைட்ரஜன் பெராக்சைடு பூனையின் இரைப்பையைப் புண்ணாக்கி இரத்தம் கசிய வைக்கும். தின்ற பொருளின் உறையையோ செடியின் கிளையையோ எடுத்துக்கொண்டு போவதே உதவும்.

செடி என்றதும் லில்லியைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். லில்லியின் இலை, பூ, தண்டு, மகரந்தம், பூச்சாடியில் அது நின்ற தண்ணீர் எல்லாமே பூனையின் சிறுநீரகத்துக்கு நஞ்சு. உடலில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே போதும். முதலில் சில மணி நேரங்களில் வாந்தி வரும், பிறகு பூனை தேறிவிட்டது போலத் தோன்றும், அடுத்த ஓரிரு நாள்களில் சிறுநீரகம் செயலிழக்கும். அந்த இடைப்பட்ட அமைதியை நம்பிப் பலர் பூனையை இழந்திருக்கிறார்கள். பூனை இருக்கும் வீட்டுக்கு லில்லி வரவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: ஒரே ஒரு முறை வாந்தி எடுத்த பூனையை நாள் முழுவதும் பட்டினி போட வேண்டுமா? எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

பதில்: நாள் முழுவதும் பட்டினி வேண்டாம். ஒருமுறை வாந்தி எடுத்துவிட்டுத் தெளிவாக இருக்கும் வளர்ந்த பூனைக்குச் சில மணி நேரம் உணவை நிறுத்திவிட்டு, எளிதில் செரிக்கும் உணவை ஒரு கரண்டி அளவு கொடுத்துப் பார்க்கலாம். அது வயிற்றில் தங்கினால், சிறு சிறு பங்காகத் தொடரலாம். தண்ணீரை நிறுத்தக் கூடாது. ஆனால் ஒரே மூச்சில் நிறையக் குடித்து மறுபடி வாந்தி எடுத்தால், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி வையுங்கள். பூனைக்குப் பட்டினி நாயைவிட ஆபத்தானது. இரண்டு மூன்று நாள்கள் உண்ணாமல் இருந்தால், குறிப்பாகப் பருமனான பூனைக்கு, உடல் கொழுப்பு கல்லீரலில் குவிந்து அதுவே தனி நோயாகிவிடும்.

ஒரே நாளில் பலமுறை வாந்தி வந்தாலும், தண்ணீர்கூடத் தங்காவிட்டாலும், இரத்தமோ காப்பித்தூள் போன்ற கரிய துகள்களோ தெரிந்தாலும், பூனை ஒளிந்துகொண்டு யாரிடமும் வராவிட்டாலும், ஒரு நாள் முழுவதும் உணவைத் தொடாவிட்டாலும் அன்றே போக வேண்டும். கடுவன் பூனை வாந்தியோடு மணல் தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து சிறுநீர் வராமல் முக்கினால், அது நள்ளிரவாக இருந்தாலும் காத்திருக்கக் கூடாது; சிறுநீர்ப் பாதை அடைப்பு ஓரிரு நாளில் உயிரைப் பறிக்கும். இதை மலச்சிக்கல் என்று எண்ணிக் காத்திருப்பவர்கள் பலர். குட்டிகளின் கதை வேறு. அவற்றின் உடலில் நீரும் சர்க்கரையும் விரைவில் குறைந்துவிடுவதால் பட்டினியே போடக் கூடாது. வாந்தியோடு சோர்வும் வயிற்றுப்போக்கும் சேர்ந்தால், அதுவும் தடுப்பூசி போடாத குட்டியாக இருந்தால், வெள்ளணுக்களை அழிக்கும் பேன்லியூக்கோபீனியா என்ற வைரஸ் நோயை முதலில் நினைக்க வேண்டும். இதற்கான தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, குறைந்தது பதினாறு வாரம் ஆகும்வரை போட வேண்டும்.

கேள்வி: எங்கள் பூனை புல்லைத் தின்றுவிட்டு வாந்தி எடுக்கிறது. உடம்பு சரியில்லாததால்தான் புல் தின்கிறதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. நலமாக இருக்கும் பூனைகளும் புல் தின்கின்றன. தின்றவை எல்லாம் வாந்தி எடுப்பதும் இல்லை. பூச்சிக்கொல்லி தெளிக்காத புல்லாக இருக்கட்டும், அது போதும்.

கேள்வி: பன்னிரண்டு வயதுப் பெண்பூனை. முன்பைவிட அதிகமாகச் சாப்பிடுகிறது, சுறுசுறுப்பாகவும் இருக்கிறது, ஆனால் மெலிந்துவிட்டது. வாரத்துக்கு ஓரிரு முறை வாந்தி. நன்றாகச் சாப்பிடும்போது நோய் என்று எப்படிச் சொல்வது?

பதில்: நன்றாகச் சாப்பிட்டும் மெலிவதுதான் இங்கே முக்கியமான அறிகுறி. பத்து வயதைக் கடந்த பூனைகளில் தைராய்டு சுரப்பி மிகையாக வேலை செய்வது பரவலாகக் காணப்படும் நோய். பசி கூடும், எடை குறையும், இதயம் வேகமாகத் துடிக்கும், சில பூனைகள் இரவில் உரக்கக் கத்தும். தைராய்டு இயக்குநீரின் அளவைக் காட்டும் எளிய இரத்தப் பரிசோதனையில் பெரும்பாலும் தெரிந்துவிடும். தினசரி மருந்து, அயோடின் குறைத்த உணவு, அறுவை சிகிச்சை, கதிரியக்க அயோடின் என்று பல வழிகள் இருப்பதால், இது கண்டுபிடிக்கப்படுவதே நல்ல செய்திதான். அதே வேளையில் சிறுநீரகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வயதில் இரண்டு நோய்களும் ஒன்றாக இருப்பது உண்டு. தைராய்டு மிகையாக இயங்கும்போது இரத்த ஓட்டம் கூடுவதால் சிறுநீரகக் குறைபாடு மறைந்திருக்கும், சிகிச்சை தொடங்கிய பிறகே வெளிப்படும். தண்ணீர் அதிகம் குடிக்கிறதா, மணல் தட்டில் ஈரக் கட்டிகள் பெரிதாகியிருக்கின்றனவா என்று நீங்கள் கவனித்துச் சொன்னால் மருத்துவருக்கு உதவியாக இருக்கும்.

இரண்டும் இல்லையென்றால் குடலில் மெதுவாக வளரும் லிம்போமா என்ற புற்றுநோயைக் கருத வேண்டும். ஸ்கேனில் இதுவும் நாட்பட்ட குடல் அழற்சியும் ஒன்றுபோலவே தோன்றுவதால், குடலிலிருந்து சிறு திசுவை எடுத்துப் பரிசோதித்தால்தான் வேறுபடுத்த முடியும். புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டதும் நம்பிக்கையை விட்டுவிட வேண்டாம். இந்த வகைக்கு வீட்டிலேயே கொடுக்கும் மாத்திரைகள் இருக்கின்றன, அவற்றால் ஓரிரு ஆண்டுகளும் அதற்கு மேலும் நன்றாக உண்டு நடமாடும் பூனைகள் பல உண்டு. இந்த வாரத்திலேயே அழைத்துச் செல்லுங்கள். போகும்போது பழைய எடைக் குறிப்பு எங்காவது இருந்தால் அதையும் கொண்டுபோங்கள்.