பேக்கிங் இரண்டு முறை மாற்றியும் ஆயில் நிற்கவில்லையே?

கேள்வி: என்னிடம் இருப்பது பன்னிரண்டு வருடப் பழைய ஸ்ப்ளெண்டர். கிக்கர் பக்கம், கிளட்ச் கவருக்குக் கீழே ஆயில் ஒழுகுகிறது. விடிந்தால் கோலம் போடும் இடத்தில் கறுப்பு வட்டம், வீட்டில் தினமும் சண்டை. கவருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் வைக்கிற பேக்கிங்கை மூன்று மாதத்தில் இரண்டு முறை மாற்றிவிட்டேன். இப்போது மெக்கானிக், எஞ்சினைப் பிரித்து போர் போட வேண்டும் என்கிறார். போடலாமா? (வாசகர், தேனி)

பதில்: அவசரப்படாதீர்கள். போர் போடுவது, அதாவது தேய்ந்த சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து சரிசெய்வது, சிலிண்டருக்கான வேலை. சைலன்சரில் நீலப் புகை வந்து, ஆயில் அளவும் இறங்கிக்கொண்டே போனால் அதைப் பற்றி யோசிக்கலாம். புகை இல்லை என்றால் உங்கள் பிரச்சினை கவரோடு முடிகிற பிரச்சினைதான்.

முதலில் ஆயில் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஈரம் கீழே இருக்கிறது என்பதற்காகக் கீழ் ஓரத்தில்தான் ஒழுகுகிறது என்று நினைத்துவிட வேண்டாம், வண்டி ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னால் தள்ளும், நின்றால் அது கீழே இறங்கும். கவரை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, மேலே முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள். பவுடர் நனைந்திருக்கும் இடங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலாகவும் முன்னாலும் இருக்கிறதோ, அங்கேதான் கோளாறு. பல வண்டிகளில் அந்தக் கோடு கிக்கர் ஷாஃப்டில் போய் முடியும். அப்படியானால் போனது பேக்கிங் இல்லை, ஷாஃப்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல். அதை மாற்றாமல் பத்து பேக்கிங் போட்டாலும் ஒழுகத்தான் செய்யும்.

இன்னொன்று, எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் பிரீதர் டியூப். அது மடங்கிப் போனாலோ, வண்டி நாள்கணக்கில் சும்மா நின்றபோது குளவி மண் வைத்து அடைத்துவிட்டாலோ, உள்ளே அழுத்தம் ஏறி, ஆயில் எங்கே இளக்கமோ அங்கே வழி தேடிக்கொள்ளும். ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றினாலும் இதே கதைதான். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, அளவுக் குச்சியைத் துடைத்து, மரையில் திருகாமல் சும்மா உள்ளே வைத்து எடுத்துப் பாருங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தால் பேக்கிங்குக்கு வருவோம். ஆயிலை வடித்துவிட்டு, கிக்கர், ஃபுட்ரெஸ்ட், கிளட்ச் கேபிளை எல்லாம் கழற்றிய பிறகு, கவர் போல்ட்டுகளை எடுப்பதற்கு முன் ஒரு அட்டைப்பெட்டித் துண்டில் கவரின் வடிவத்தை வரைந்துகொள்ளுங்கள். எந்தப் போல்ட் எந்த ஓட்டையோ அதை அட்டையில் அதே இடத்தில் குத்தி வையுங்கள், ஏனென்றால் போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. நீளமானது குட்டை ஓட்டையில் போனால் அடியில் முட்டி நிற்குமே தவிர கவரை அழுத்தாது. கைக்கு இறுகியது போலத்தான் தெரியும். உங்கள் இரண்டு பேக்கிங்கும் வீணானதற்கு இதுவே காரணமாக இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

பழைய பேக்கிங்கை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டாதீர்கள், அலுமினியத்தில் விழும் ஒரு கோடு போதும், ஆயில் அதிலேயே வடியும். தின்னர் தடவி ஊறவிட்டு, மரக்குச்சியாலோ பழைய ஏ.டி.எம். கார்டாலோ மெதுவாகத் தள்ளி எடுங்கள். புதுப் பேக்கிங்குக்கு அனாபாண்ட் என்கிற ஒட்டும் பசை அவசியமே இல்லை. நிறையப் போட்டால் உள்ளே பிதுங்கி, துண்டு துண்டாக உதிர்ந்து ஆயில் வலையை அடைத்துக்கொள்ளும். லேசாக கிரீஸ் தடவினால் போதும், அடுத்த முறை கிழியாமல் வரும். கவரைத் திறந்ததுதான் திறந்தீர்கள், கிராங்க் முனையில் இருக்கும் ஆயில் ஃபில்டர் மூடியையும் கழற்றி, கண்மை மாதிரி அப்பியிருக்கும் கசடை வழித்துவிடுங்கள்.

மாட்டும்போது எல்லாப் போல்ட்டையும் முதலில் கையால் திருகிவிட்டு, பிறகு எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் முறுக்குங்கள். 6 எம்எம் போல்ட், 8 நம்பர் டி-ஸ்பானர், 10 முதல் 12 நியூட்டன் மீட்டர் போதும். ஒழுகக் கூடாதே என்று ஒருமுறை நான் பலம் முழுவதையும் காட்டியதில் மரை போய்விட்டது, லேத் பட்டறையில் ஹெலிகாயில் (போன மரைக்குப் பதிலாக உள்ளே வைக்கும் கம்பிச் சுருள்) போட்டு வாங்க அரைநாள் ஆனது. பேக்கிங் விலையைப் போலப் பல மடங்கு அங்கே கொடுத்தேன்.

கேள்வி: எங்கள் ஊரில் பேக்கிங் கிடைப்பதில்லை. கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டிப் போடலாமா?

பதில்: ஊர் போய்ச் சேரும் வரை தாங்கலாம், அவ்வளவுதான். சூடான ஆயிலில் ஊறிப் பிய்ந்துவிடும். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பேக்கிங் ஷீட் என்று கேட்டால் தருவார்கள், பழையது எவ்வளவு தடிமனோ அதே தடிமனில் வாங்குங்கள். கவர் விளிம்பில் வைத்துச் சின்னச் சுத்தியால் மெல்லத் தட்டினால் அச்சு விழும், அதன்படி வெட்டலாம். போல்ட் ஓட்டைகளோடு ஆயில் போகும் ஓட்டையையும் மறக்காமல் வெட்டுங்கள். அது மூடிக்கொண்டால் ஒழுகல் நின்றுவிடும், கூடவே எஞ்சினும்.