தம்பியின் உயிர் எங்கும் சிக்கவில்லை. 60,000 ரூபாயைக் கட்டாதீர்கள்

கேள்வி: ஐயா, பைக் விபத்தில் தம்பிக்கு மூளைச்சாவு என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அப்பா இல்லாத வீடு எங்களுடையது. அம்மாவும் நானும் சம்மதித்து அவனுடைய சிறுநீரகங்கள், கல்லீரல், கண்களைத் தானமாகக் கொடுத்தோம். இப்போது பெரியப்பா, "இதயம் துடிக்கும்போதே அறுக்கக் கொடுத்துட்டீங்க. உயிர் பாதியில நிக்குது. அடுத்த பிறவியில கண்ணில்லாமத்தான் பிறப்பான்" என்கிறார். அவர் கூட்டிவந்த ஜோதிடர், எள்ளை நெருப்பில் இட்டுச் செய்யும் திலஹோமத்துக்கு 60,000 ரூபாய் கேட்கிறார். அம்மா தூங்குவதே இல்லை. நாங்கள் என்ன செய்வது?

பதில்: பணம் கொடுக்காதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள். காரணம் கொஞ்சம் நீளம், அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படியுங்கள்.

பெரியப்பா பிராணனையும் ஆன்மாவையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார். அவர் மட்டுமல்ல, பாதி ஊர் அப்படித்தான் நினைக்கிறது. பிராணன் என்பது உடம்பை ஓட்டும் சக்தி. மூச்சு, செரிமானம், கழிவு என்று வேலைவாரியாக அதைப் பிராணன், அபானன், வியானன், உதானன், சமானன் என ஐந்தாகப் பிரித்துவைத்தார்கள். பிரச்ன உபநிடதத்தில் பிப்பலாத முனிவரிடம் ஆறு பேர் போய் ஆளுக்கொரு கேள்வி கேட்கிறார்கள். மூன்றாமவர் கேட்பது, இந்தப் பிராணன் எங்கிருந்து பிறக்கிறது என்று. ஆன்மாவிலிருந்து, ஆளிடமிருந்து நிழல் விழுவதைப்போல என்கிறார் முனிவர். ஆள் இல்லாமல் நிழல் இல்லை, ஆனால் நிழல் ஆள் ஆகிவிடாது.

உபநிடதமெல்லாம் நமக்கு எதற்கு என்று பெரியப்பா சொன்னால், நம் சைவத்துக்கே வாருங்கள். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த சிவஞானபோதம் மொத்தமே 12 சூத்திரம். அதில் மூன்றாவது, உடம்புக்குள் ஆன்மா என்று தனியாக ஒன்று உண்டு என்று வாதாடுகிறது. "எனது உடல்" என்று சொல்கிறோமே, அப்படியானால் உடலை உடையவன் வேறு என்பது ஒரு வாதம். இன்னொன்று "கண்படில் உண்டிவினை இன்மையின்" என்பது. தூங்கும்போதும் மூச்சு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அனுபவமும் இல்லை, செயலும் இல்லை. மூச்சுதான் ஆன்மா என்றால், மூச்சு இருக்கிறபோது அவை ஏன் இல்லாமல் போகின்றன? ஆகவே மூச்சு வேறு, ஆன்மா வேறு. மார்பு ஏறி இறங்கியதாலேயே தம்பி உள்ளே இருந்தான் என்று பெரியப்பா முடிவு கட்டுகிறாரே, அந்த வாதத்துக்கு எழுநூறு வருடத்துக்கு முன்பே இங்கே பதில் சொல்லியாகிவிட்டது.

சரி, அந்த மூச்சும் அவனுடையதுதானா? வென்டிலேட்டர் காற்றை உள்ளே தள்ளியது. இதயத்துக்குத் தானே துடிக்கிற அமைப்பு உண்டு, ஆக்சிஜன் கிடைக்கும்வரை துடிக்கும். மூளைத்தண்டு செத்தபின் தானாக மூச்சு வராது. 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டத்தின்படி நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு பரிசோதித்து, குறைந்தது ஆறு மணி நேரம் கழித்து மறுபடியும் பரிசோதித்த பிறகுதான் சான்று தரமுடியும். வென்டிலேட்டரின் உந்துதலை நிறுத்தி, தானாக ஒரு மூச்சாவது வருகிறதா என்று பார்ப்பதும் அந்தச் சோதனையில் ஒன்று. உங்கள் தம்பிக்கு வரவில்லை. வந்திருந்தால் சான்றே கிடைத்திருக்காது.

சாந்தோக்கிய உபநிடதத்தில் ஒரு மரணப் படுக்கை வருகிறது. சொந்தக்காரர்கள் சுற்றி உட்கார்ந்து, "என்னைத் தெரிகிறதா, என்னைத் தெரிகிறதா" என்று கேட்கிறார்கள். பேச்சு மனத்தில் ஒடுங்கும், மனம் பிராணனில், பிராணன் உடல் சூட்டில் என்று அங்கே வரிசை சொல்லப்படுகிறது. மனம் பிராணனுக்கு முன்பே அடங்கிவிடுகிறது. ஐசியூ வாசலில் நீங்கள் கேட்டதும் இதே கேள்விதானே? ஆனால் இதை வைத்து, உயிர் போன நிமிடம் இதுதான் என்று நான் குறித்துத்தர மாட்டேன். உபநிடதம் எழுந்த காலத்தில் வென்டிலேட்டர் இல்லை.

இதையெல்லாம் கையெழுத்து வாங்கிய அன்றே ஒருவர் உட்கார்ந்து உங்கள் அம்மாவுக்குச் சொல்லியிருக்க வேண்டும். யார் சொல்கிறார்கள்? உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதை என்று 2023இல் தமிழக அரசு அறிவித்தது, நல்ல காரியம். மாலை வைக்க ஆள் வருகிறது. பதினாறாம் நாள் பெரியப்பா வந்து கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல ஒருவரும் வருவதில்லை. அந்த இடத்தில்தான் ஜோதிடர் நாற்காலி போட்டு உட்காருகிறார்.

கண் விஷயம். வேதாந்தத்தில் விழி வேறு, பார்க்கும் புலன் வேறு. விழி உடம்போடு போவது. பார்க்கும் புலன் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுடலான சூட்சும சரீரத்தைச் சேர்ந்தது, உயிரோடு போகிறது. விழி இங்கே தங்கிவிட்டதால் அடுத்த பிறவியில் பார்வை போகும் என்றால், சுடுகாட்டில் முழுசாக எரிந்தவர்கள் அடுத்த பிறவியில் உடம்பே இல்லாமல் பிறக்க வேண்டும். இதைப் பெரியப்பாவிடமே கேளுங்கள்.

இப்போது அந்த 60,000. இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். முதலில் எப்படி இறந்தார் என்று கேட்பார்கள். விபத்து என்றால் "அகால மரணம்". முதுமை என்றால் நட்சத்திரத்தைப் பார்த்து "அடைப்பு". அவிட்டத்தில் போனவருக்கு ஆறு மாதம் அறையை அடைக்கச் சொல்வார்கள். ஆஸ்பத்திரியில் இறந்தவருக்கு எந்த அறையை அடைப்பது, ஐசியூவையா? இரண்டிலும் சிக்காதவருக்கு "பித்ரு தோஷம்" காத்திருக்கிறது, அதிலிருந்து யாரும் தப்பியதில்லை. அடுத்ததாகத் தீர்த்தக்கரையில் "எனக்குத் தெரிந்த சாஸ்திரிகள்" என்று ஒருவரிடம் அனுப்புவார்கள். அவருக்குப் போவது ஒரு பங்கு, அனுப்பியவருக்கு ஒரு பங்கு, வேன் ஏற்பாடு செய்தவருக்கு ஒரு பங்கு. ஒரே குண்டத்தைச் சுற்றிப் பத்துக் குடும்பத்தை உட்காரவைத்து, பத்துப் பேரிடமும் தனிக் கட்டணம் வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். வர முடியாவிட்டால் வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்புகிறார்களாம், அந்த வீடியோவில் உங்கள் தம்பி பெயரை எங்கே சொன்னார்கள் என்று தேடிப்பாருங்கள். தேதி தள்ளிப்போனால் வீட்டில் இன்னொரு சாவு விழும் என்று யாராவது சொன்னால் அந்த நிமிடமே எழுந்து வாசலைக் காட்டுங்கள். எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது என்று கேட்டால் குரலை உயர்த்துவார்கள், ரசீது கேட்டால் போனை எடுக்க மாட்டார்கள்.

ஒரு விலக்கு உண்டு. அம்மாவுக்கு ஏதாவது செய்தால்தான் மனம் ஆறும் என்றால், தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் உங்கள் வீட்டு வழக்கத்துக்குள் செய்யுங்கள். அப்பா இல்லாததால் தர்ப்பணம் செய்கிறவர் நீங்கள்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். மகாளய பட்சத்தில் அப்பா வழி, அம்மா வழி முன்னோர்களோடு சகோதரன், மாமன், நண்பன், ஆசிரியர் என்று போய்ச் சேர்ந்த மற்றவர்களுக்கும் எள்ளும் தண்ணீரும் விட இடம் இருக்கிறது. காருண்ய பித்ருக்கள் என்பார்கள், தம்பி அதில் வருவான். முதல் வருடம் முடியும்வரை இதை நிறுத்திவைக்கும் வீடுகளும் உண்டு. உங்கள் வீட்டில் எப்படி என்று பெரியப்பாவையே கேளுங்கள், அவருக்கும் ஒரு வேலை கொடுத்தமாதிரி இருக்கும். தர்ப்பண வழக்கமே இல்லாத வீடு என்றால், பக்கத்துச் சிவன் கோயிலில் மோட்ச தீபம் ஏற்றி, ஓதுவார் இருந்தால் ஒரு பதிகம் பாடச் சொல்லுங்கள். வேனும் வேண்டாம், ராமேஸ்வரமும் வேண்டாம். எள், தர்ப்பை, எண்ணெய், தட்சிணை எல்லாம் சேர்த்தும் கடன் வாங்குகிற அளவுக்குப் போகக்கூடாது, போனால் எங்கோ யாரோ பங்கு வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மோட்ச தீபத்துக்கு ஜோதிடரிடம் நாள் கேட்க வேண்டியதில்லை. அம்மாவுக்கு எழுந்து நடக்கத் தெம்பு வந்ததும் ஒரு சாயங்காலம் கூட்டிப் போங்கள்.