இந்தந்த எழுத்து வர்ற நீள இங்கிலீஷ் வார்த்தையை எப்படி தேடுறது? உங்க கேள்வி, என் பதில்

மஞ்சக்குப்பத்துல ரொம்ப வருஷம் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்தவன் நான், எழுத்து கட்டைய அடுக்கி வார்த்தை சேக்கற ஸ்க்ரேபிளும் இங்கிலீஷ் குறுக்கெழுத்தும் இன்னிவரைக்கும் விடல. "சில எழுத்து வர்ற நீளமான வார்த்தை வேணும்னா கேளுங்க"ன்னு சொல்லியிருந்தேன், கடலூர்லேர்ந்தும் பாண்டிலேர்ந்தும் நிறைய பேர் கேட்டுட்டீங்க. ஒண்ணொண்ணா சொல்றேன்.

கேள்வி (நெய்வேலிலேர்ந்து ஒரு அம்மா): பொண்ணு ஏழாவது படிக்கறா சார், ஸ்கூல் போட்டிக்கு ஏ ஈ ஐ ஓ யூன்னு அஞ்சு வவலும் வர்ற வார்த்தை கொண்டுவர சொல்லியிருக்காங்க, ராத்திரி பூரா டிக்‌ஷனரிய பொரட்டிட்டு இருக்கா.

பதில்: பொரட்ட வேணாம்மா, வார்த்தையோட வாலை புடிக்க சொல்லுங்க. டி-ஐ-ஓ-என்னு முடிஞ்சா ஐயும் ஓவும் சும்மாவே வந்துடுது, முன்னாடி ஏ, ஈ, யூ மூணு மட்டும் வந்தா போதும். அப்படி பார்த்தா எஜுகேஷன் கிடைக்கும், கணக்கு கிளாஸ்ல தினம் சொல்ற ஈக்வேஷன் எட்டே எழுத்துல கிடைக்கும், பத்து எழுத்துக்கு ப்ரிகாஷன். இது மூணுலயும் ஒவ்வொரு வவலும் ஒரே ஒரு தடவதான் வரும், அதுதான் அழகு. ஏலத்துக்கு சொல்ற ஆக்‌ஷன்ல ஈ மட்டும் குறையுது, பின்னாடி ஈ-டி சேர்த்துட்டா அதுவும் ஆச்சு. இன்னொரு வால் ஓ-யூ-எஸ். அதுல தேடினா எஃப்-ஏ-சி-ஈ-டி-ஐ-ஓ-யூ-எஸ், ஃபெசீஷியஸ், நேரங்காலம் பாக்காம வேடிக்கை பேசறதுன்னு அர்த்தம், இதுல அஞ்சு வவலும் ஏ ஈ ஐ ஓ யூன்னு வரிசையாவே வருது! போட்டிக்கு இதையே எழுத சொல்லுங்க. அப்புறம் நம்ம கடலூரை இங்கிலீஷ்ல எழுதி பாக்க சொல்லுங்க, யூ, ஏ, ஓ, ஈ நாலும் இருக்கு, ஐ மட்டும்தான் இல்ல.

கேள்வி (லாஸ்பேட்டை, காலேஜ் ஸ்டூடண்ட்): அண்ணா, க்யூவும் இசட்டும் ரெண்டும் வர்ற நீள வார்த்தை வேணும், கம்ப்யூட்டர்ல தேட வழி இருக்கா?

பதில்: இருக்கு தம்பி. ஒரு வரிக்கு ஒரு வார்த்தைன்னு இருக்கற வேர்ட் லிஸ்ட் ஃபைல் ஒண்ணு வேணும், அவ்ளோதான். லினக்ஸ்னா க்ரெப்னு ஒரு கமாண்ட், கேட்ட எழுத்து வர்ற வரிய மட்டும் பொறுக்கி குடுக்கும், அதை போட்டு க்யூ வர்றதை எடு, வந்ததை பைப் பண்ணி, அதாவது அடுத்த கமாண்டுக்கு அப்படியே அனுப்பி, மறுபடி க்ரெப் போட்டு இசட் வர்றதை எடு. எழுத்து எந்த வரிசைல வந்தாலும் மாட்டிடும், அதனால ரெஜெக்ஸ்னு பெரிய தேடல் சூத்திரம் எல்லாம் எழுதி மண்டைய ஒடச்சுக்காத. எக்ஸெல்னா ஃபில்டர்ல கண்டெய்ன்ஸ் க்யூ, ஆண்ட் கண்டெய்ன்ஸ் இசட்னு குடுத்துட்டு பக்கத்து காலம்ல எழுத்தை எண்ணி சொல்ற எல்-ஈ-என் ஃபார்முலா போட்டு பெருசுலேர்ந்து சின்னதா சார்ட் பண்ணு. ஆனா ஒண்ணு, லிஸ்ட் பிரிட்டிஷா அமெரிக்கனான்னு முதல்ல பாரு. நம்ம ஸ்கூல்ல ஐ-எஸ்-ஈன்னு முடிக்க சொல்லிக்கொடுத்த வார்த்தை எல்லாம் அமெரிக்கன் லிஸ்ட்ல ஐ-இசட்-ஈன்னு இருக்கும், இசட் தேடுறவனுக்கு அதுதான் பெரிய வாசல். ட்ராங்குவிலைசர் அமெரிக்கன் ஸ்பெல்லிங்ல பன்னண்டு எழுத்து, க்யூவும் இசட்டும் ரெண்டும் உள்ள இருக்கு, பிரிட்டிஷ் லிஸ்ட்ல பெரும்பாலும் எஸ் போட்டுதான் இருக்கும், நீ தேடினா மாட்டாது.

கேள்வி (முத்தியால்பேட்டை): வீட்ல ஃப்ரெஞ்ச் ஸ்க்ரேபிள் செட்தான் இருக்கு, அதுல இங்கிலீஷ் ஆடலாமா? க்யூ வந்து யூ வரலைன்னா என்ன பண்றது?

பதில்: ஆடலாம், ஆனா கஷ்டம். இங்கிலீஷ் செட்ல ஒய் ரெண்டு, ஃப்ரெஞ்ச்ல ஒண்ணுதான், அதனால எல்-ஒய்னு முடியற நீள வார்த்தை எல்லாம் அடிபட்டு போகும். க்யூவுக்கு இங்க 10 பாயிண்ட், அங்க 8. யூ இல்லாம க்யூ மட்டும் கைல நின்னா க்யூ-ஐன்னு ரெண்டெழுத்து வார்த்தைய போடுங்க, செல்லும். நம்ம பக்கிரியும் எஃப்-ஏ-க்யூ-ஐ-ஆர்னு செல்லும். ஃப்ரெஞ்ச் தெரிஞ்ச வீடுன்னா புள்ளைங்ககிட்ட பறவைக்கு ஃப்ரெஞ்ச்ல என்னன்னு கேளுங்க. ஓ-ஐ-எஸ்-ஈ-ஏ-யூ. ஆறெழுத்துல அஞ்சு வவல், உச்சரிப்பு வாசோ, எழுதின ஒரு எழுத்தும் அதோட சொந்த சத்தத்துல கேக்காது.

கேள்வி (திருப்பாதிரிப்புலியூர், ஜவுளிக்கடை): அப்பா காலத்துலேர்ந்து அடக்க விலையை சீட்டுல ரகசிய எழுத்தாதான் போடறோம். பழைய வார்த்தை எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு, பத்து எழுத்து, ஒண்ணு கூட ரிப்பீட் ஆகாத புது வார்த்தை வேணும் சார்.

பதில்: இந்த கேள்விய பாத்ததும் எனக்கு அவ்ளோ சந்தோஷம், வெறும் விளையாட்டு இல்ல, பொழப்புக்கு ஆகற கேள்வி. பத்து எழுத்துக்கு ஒண்ணுலேர்ந்து சைபர் வரைக்கும் பத்து நம்பர். இதுக்கு தேடுறப்ப ரெண்டு சின்ன வார்த்தைய ஒட்டின வார்த்தையா பாருங்க, பேக்கும் கிரவுண்டும் சேர்ந்த பேக்கிரவுண்ட், பிளாக்கும் ஸ்மித்தும் சேர்ந்த பிளாக்ஸ்மித், ரெண்டும் பத்து எழுத்து, எதுவும் திரும்ப வரல. இம்பார்ட்டன்ஸும் அப்படித்தான். நான் சொல்றது பேக்கிரவுண்ட். ஏன்னா பிளாக்ஸ்மித்ல எல்லும் ஐயும் இருக்கு, கூட்ட நேரத்துல அவசரமா கிறுக்கினா ரெண்டும் ஒரே கோடா தெரியும், ரெண்டுங்கறது எட்டா போயிடும். பேக்கிரவுண்ட்ல கே நாலு, ஜி அஞ்சு, கடைசி டி சைபர், அதனால 450 ரூபா சேலைக்கு கே-ஜி-டின்னு போடணும். 685க்கு ஆர்-யூ-ஜின்னு வரும், பாக்கறவன் ரக்குன்னு ஏதோ கம்பளம்னு நெனச்சுக்குவான். 500, 700 மாதிரி வந்தா கடைசில ஒரே எழுத்து ரெண்டு தடவ வந்து அது சைபர்னு காட்டிக்கொடுத்துடும், அதனால ரெண்டாவது சைபருக்கு மட்டும் எக்ஸ் போடுங்க, 500க்கு ஜி-டி-எக்ஸ். இப்ப நான் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன், அதனால இதையே வைக்காம இதே வழில நீங்களா ஒண்ணு கண்டுபுடிங்க, கேஷ்ல இருக்கறவர தவிர யார்கிட்டயும் சொல்லாதீங்க. ரிப்பீட் ஆகாததுலயே பெருசு வேணும்னா அன்காப்பிரைட்டபிள், பதினஞ்சு எழுத்து, கடைக்கு ஆகாது.

கேள்வி (பண்ருட்டி): இங்கிலீஷ்லயே பெரிய வார்த்தை எது?

பதில்: டிக்‌ஷனரில இருக்கறதுல 45 எழுத்துல ஒரு நுரையீரல் வியாதி பேர் இருக்கு. நீளமா இருக்கணும்னே 1935ல கோத்து செஞ்ச பேர் அது, அதனால நான் அத கணக்குல சேக்கறதில்ல.

கேள்வி (கடலூர் ஓல்ட் டவுன்): நம்ம தமிழ்லேர்ந்து போன நீள வார்த்தை ஏதாவது?

பதில்: நம்ம தேவனாம்பட்டினத்துல கரைல கெடக்குற கட்டுமரம்தான் கேட்டமரான், ஒன்பது எழுத்துல நாலு ஏ, வேற வவலே கிடையாது. அதவிட நீளம் மிளகுத்தண்ணி. வெள்ளைக்காரன் காதுல விழுந்தபடி முலிகட்டானின்னு எழுதி வச்சுட்டான், இங்கிலீஷ்ல பன்னண்டு எழுத்து, எல் ரெண்டு, நடுவுல டபிள்யூ, கடைசில ஒய். அடுத்த தடவ சளி புடிச்சு ரசம் வச்சு குடிக்கறப்ப புள்ளைங்களுக்கு ஸ்பெல்லிங் கேட்டு பாருங்க.