நேர்மையா இருந்தா நஷ்டம்தான் வருது, விசுவாசத்துல எப்படி நிலைச்சு நிக்கிறது?

கடலூர் முதுநகரில் மீன் வியாபாரம் செய்கிறேன், அதனால் இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. கிலோவுக்கு ஐம்பது கிராம் குறைத்து நிறுத்தால் மாலைக்குள் நல்ல காசு, பக்கத்தில் அப்படி நடப்பது கண்ணுக்குத் தெரியும், நம் தட்டில் வஞ்சிரம் மிஞ்சிக் கிடக்கும், அந்த நேரத்தில் கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பு என்ற நீதிமொழிகள் 11:1 உண்மையிலேயே கசக்கும். கசக்கட்டும், அதை மறைக்க வேண்டாம். ஜீவனுக்குப் போகும் வழி நெருக்கமானது என்று இயேசுவே மத்தேயு 7:14-இல் முன்கூட்டியே சொல்லிவிட்டார். கஷ்டம் வந்தாலே வழி தவறிவிட்டோம் என்று அர்த்தமில்லை.

1 இராஜாக்கள் 19-ஐ மெதுவாகப் படியுங்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் ஆண்டவரே, சாகிறேன் என்கிறார். தேவதூதன் அவரைத் திட்டவில்லை. தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர், சாப்பிடு என்கிறான். மறுபடி தூங்குகிறார், மறுபடி எழுப்பிச் சாப்பிட வைக்கிறான், பயணம் தூரம் என்று. எனக்கு இதில்தான் தெம்பு.

அதனால் களைத்துப்போன நாளில் பெரிய முடிவு எதுவும் எடுக்காதீர்கள். சாப்பிடுங்கள், தூங்குங்கள், அப்புறம் சபையில் நம்பிக்கையான ஒருவரிடம் மனசுவிட்டுப் பேசுங்கள். வார்த்தை வராவிட்டால் ஒரு சங்கீதத்தைச் சத்தமாகப் படித்தாலே ஜெபம்தான். நான் விடிகாலை ஏலத்துக்குப் போகும் வழியில் 13-ஆம் சங்கீதம் சொல்வேன், ஆறே வசனம்.