ஒரு சாவியை அணைத்தும் அந்தப் பக்க மீட்டர்கள் அணையாதது: இரட்டை என்ஜின் படகு

இரண்டு சாவிகளின் ஊதா வயர்களையும் (சாவியிலிருந்து மீட்டர்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் வயர்கள்) ஒரே இடத்தில் சேர்க்காதீர்கள். இடது என்ஜின் மீட்டர்களுக்கு இடது சாவி, வலதுக்கு வலது சாவி; தனித்தனி 5 ஆம்பியர் ஃபியூஸ். நெகட்டிவ் மட்டும் பொதுவாக இருக்கலாம்.

இடது சாவியை அணைத்த பிறகும் அதன் மீட்டர்கள் எரிகின்றன என்றால், பெரும்பாலும் குற்றவாளி பெட்ரோல் மீட்டர்தான். எந்தச் சாவி போட்டாலும் வேலை செய்யட்டும் என்று அதில் இரண்டு ஊதா வயரையும் முறுக்கி வைத்திருப்பார்கள். வலது பக்க மின்சாரம் அதன் வழியே இடது பக்கம் திரும்புகிறது. மீட்டரோடு போனால் பரவாயில்லை. அணைத்து வைத்த என்ஜினின் இக்னிஷன் காயிலையும் (ஸ்பார்க் பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் சுருள்) சூடாக்கும். சில என்ஜின்கள் சாவியை அணைத்தாலும் நிற்காது.

சோதிக்க:
1. இடது சாவி ஆஃப், வலது ஆன்.
2. இடது சாவியின் இக்னிஷன் முனைக்கும் நெகட்டிவுக்கும் இடையே மல்டிமீட்டர் வையுங்கள். பூஜ்யம் வர வேண்டும். 12 வோல்ட் வந்தால், பெட்ரோல் மீட்டரின் ஊதா வயர்களைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள்.

பெட்ரோல் மீட்டர் போன்ற பொது மீட்டருக்கு ஒவ்வொரு சாவியிலிருந்தும் ஒரு 3 ஆம்பியர் ஷாட்கி டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) போடுங்கள், கோடு போட்ட முனை மீட்டர் பக்கம். வோல்ட்மீட்டரை மட்டும் டயோடு வழியே கொடுக்காதீர்கள், சுமார் 0.3 வோல்ட் குறைத்துக் காட்டும்.

டயோடுகளை டேஷ்போர்டுக்குப் பின்னால் வையுங்கள், என்ஜின் அறையில் வேண்டாம்.