சாப்பிட்டது எங்கே போகிறது? டிரசரிடம் கேட்டவை

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டத்து ஆட்கள் கேட்ட கேள்விகள் இவை. பதில் சொல்பவர் தோட்ட கிளினிக்கில் டிரசராக (மருத்துவ உதவியாளராக) இருந்து பணி ஓய்வு பெற்றவர்.

எஸ்பிஎம் (பள்ளி இறுதித் தேர்வு) மாணவி: ஐயா, சாப்பாடு செரிக்கிறது வயித்துலதானே? டீச்சர் சிறுகுடல்னு சொல்றாங்க.

டீச்சர் சொல்வதுதான் சரிம்மா. பேர் இரைப்பைக்கு, உழைப்பு சிறுகுடலுக்கு. வெறும் சோற்றை ஒரு வாய் போட்டு விழுங்காமல் மென்றுகொண்டே இரு, லேசாக இனிக்கும். உமிழ்நீரில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை அங்கேயே உடைக்க ஆரம்பித்துவிடுகிறது. இரைப்பையில் அமிலமும் பெப்சினும் புரதத்தில் கை வைக்கும். எல்லாம் கூழாகிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். பெரும்பாலான வேலை அதற்குப் பிறகுதான். சிறுகுடல் கிட்டத்தட்ட 6 மீட்டர் நீளம். முதல் 25 சென்டிமீட்டருக்குள்ளேயே கணைய நீரும் பித்தநீரும் வந்து கலந்துவிடும். மாவுச்சத்து குளுக்கோஸாகவும் புரதம் அமினோ அமிலமாகவும் உடைந்து, உள்சுவரிலுள்ள குடலுறிஞ்சிகள் வழியாக இரத்தத்தில் ஏறி, முதலில் கல்லீரலுக்குப் போகும்.

ஒரு விஷயம் கேள். புற்றுநோய்க்காக இரைப்பையை முழுவதும் எடுத்தவர்கள்கூட, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டு, வைட்டமின் பி12 ஊசி போட்டுக்கொண்டு வாழ்கிறார்கள். சிறுகுடலில் பெரும்பகுதி போய்விட்டால் நரம்பு வழியாகத்தான் ஊட்டம் ஏற்ற வேண்டி வரும்.

லோரி ஓட்டுபவர்: அண்ணே, ராத்திரி மாமாக் கடையில ரெண்டு ரொட்டி சானாய், ஆட்டுக்கறி குழம்பு. விடியிற வரைக்கும் வயிறு கனமாவே இருக்கு. ஏன்?

எண்ணெய்தான் தம்பி. கொழுப்பு சிறுகுடலுக்குள் நுழைந்ததும் அங்கிருந்து ஒரு ஹார்மோன் கிளம்பும். அது பித்தப்பையைப் பிழிய வைக்கும், இரைப்பையைப் பார்த்து "மெதுவாக விடு" என்று சொல்லும். அதனால்தான் சோறு இறங்கிய பிறகும் ரொட்டி உட்கார்ந்திருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்குள்ள குவாலியில் (வாணலியில்) சோப்பு செய்யும் வேலையைத்தான் பித்தநீர் செய்கிறது: கொழுப்பைச் சின்னச் சின்னத் துளியாக்கும். அப்புறம்தான் லிப்பேஸ் என்ற நொதி அதை உடைக்க முடியும். உடைந்த கொழுப்பில் பெரும்பகுதி நேராக இரத்தத்துக்குப் போகாது. நிணநீர்க் குழாய் வழியாகச் சுற்றிக்கொண்டு, இடது கழுத்தடியில் போய் இரத்தத்தோடு சேரும்.

கனம் என்றால் விடுங்கள். எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பிறகு வலது விலாவுக்குக் கீழே பிடித்து இழுத்து, தோள் வரை வலி போனால் பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். மருந்துக் கடையில் மாத்திரை வாங்காமல் ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள்.

இரண்டு வயதுப் பிள்ளையின் அம்மா: பிள்ளைக்கு வயித்தால போகுது. ஐசோடானிக் தண்ணி கொடுக்கலாமா?

வேண்டாம்மா. அதில் சர்க்கரை அதிகம், உப்பு குறைவு. ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல்) பொட்டலம் வாங்குங்கள்.

இது கொஞ்சம் விளக்க வேண்டியது. குடல் சுவரில் ஒரு வாசல் இருக்கிறது. அங்கே குளுக்கோஸ் தனியாக நுழைய முடியாது, உப்பிலுள்ள சோடியத்தையும் கூட்டிக்கொண்டுதான் நுழையும். இரண்டும் உள்ளே போனால் தண்ணீர் தானாகப் பின்னாலேயே போகும். காலராவில்கூட இந்த வாசல் அடைபடாது. 1971-இல் வங்காளதேசப் போர் அகதிகள் இந்தியாவின் போங்காவ் முகாமில் காலராவால் செத்துக்கொண்டிருந்தபோது, நரம்பில் ஏற்றும் நீர் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை டிரம்மில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு 30 பேர் அளவில் இருந்த சாவு 4-க்கும் கீழே இறங்கியது.

பொட்டலம் கிடைக்காத நேரத்தில்: கொதித்து ஆறிய தண்ணீர் 1 லிட்டர், சர்க்கரை தலைதட்டி 6 தேக்கரண்டி, உப்பு தலைதட்டி அரைத் தேக்கரண்டி. உப்பைக் கூட்டிவிடாதீர்கள், ஆபத்து. ஒவ்வொரு கரண்டியாக ஊட்டுங்கள். தாய்ப்பாலோ கஞ்சியோ நிறுத்த வேண்டாம். கண் குழி விழுந்தால், சிறுநீர் வராவிட்டால், மலத்தில் இரத்தம் தெரிந்தால், பிள்ளை துவண்டு கிடந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

செம்பனைத் தோட்டத்து அக்கா: தெனமும் கீரை சாப்பிடுறேன் டிரசர் ஐயா. கிளினிக்ல இரத்தம் கம்மின்னே சொல்றாங்க.

கீரையோடு என்ன குடிக்கிறீர்கள் அக்கா? தே தானே! தேயிலையில் உள்ள டானின் இரும்புச்சத்தைக் கட்டிப்போட்டுவிடும். கீரையின் இரும்பே லேசில் ஏறாத வகை, அதையும் தேத்தண்ணி பிடித்துக்கொண்டால் வாயில் போனது அப்படியே வெளியே போகும். தேயைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். கீரைமேல் லீமாவ் கஸ்தூரி (சின்ன எலுமிச்சை) பிழியுங்கள், கூட ரெண்டு நெத்திலியும் போடுங்கள்; இரும்பு நன்றாக ஏறும்.

மாதவிடாய் அதிகமாகப் போகிறதா என்றும் டாக்டரிடம் சொல்லுங்கள். இன்னொன்று கொக்கிப்புழு. செருப்பில்லாமல் பால் (ரப்பர்) மரம் சீவப் போன காலத்தில் மண்ணிலிருந்து கால் வழியாக ஏறி, குடலில் தொங்கிக்கொண்டு இரத்தம் குடித்தது. இப்போது குறைவுதான். ஆனாலும் வெறுங்காலோடு காய்கறித் தோட்டம் போடுகிறவர் நீங்கள், மலப் பரிசோதனை ஒன்று கேட்டுப் பாருங்கள்.

பசார் மாலாம் (இரவுச் சந்தை) கடைக்காரர்: எதைத் தின்னாலும் கேஸ்ட்ரிக். காரத்தை விட்டாச்சு, ஒன்னும் சரியில்ல.

காரம் எரிச்சலைக் கூட்டும், இரைப்பைப் புண்ணை உண்டாக்குவது பெரும்பாலும் அது இல்லை. ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி, இல்லையென்றால் முட்டிவலி மாத்திரை. ஆஸ்திரேலிய டாக்டர் பேரி மார்ஷல் 1984-இல் அந்தக் கிருமியைத் தானே குடித்து நிரூபிக்கப் பார்த்தார், 2005-இல் ராபின் வாரனோடு சேர்ந்து நோபல் வாங்கினார். நம் நாட்டில் மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடம் இந்தக் கிருமி அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மூச்சுப் பரிசோதனை இருக்கிறது. கிருமி இருந்தால் 2 வாரம் மருந்து, ஒரு வேளையும் விடாமல். மலம் தார் மாதிரி கறுத்துப் போனால் அன்றைக்கே போங்கள்.

ஓய்வுபெற்ற கங்காணி: பால் குடிச்சா வயிறு ஊதுது. தயிர் ஒன்னும் பண்ணல.

பாலின் சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ், பிள்ளைப் பருவம் தாண்டினால் நம்மில் நிறையப் பேருக்குக் குறைந்துவிடும். தயிரில் கிருமிகள் அதில் கொஞ்சத்தை முன்னாலேயே தின்றுவிடுகின்றன. தயிரே சாப்பிடுங்கள்.