டி.எஸ்.ஹெச். 0.2 என்றால் தைராய்டு மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 34. ஐந்து மாதங்களுக்கு முன் இரைப்பையைச் சிறிதாக்கும் ‘ஸ்லீவ்’ அறுவைசிகிச்சை செய்துகொண்டு, 112 கிலோவிலிருந்து 86 கிலோவுக்கு வந்திருக்கிறேன். பத்து ஆண்டுகளாகத் தைராய்டுக்கு 125 மைக்ரோகிராம் மாத்திரை சாப்பிடுகிறேன். காலையில் கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளையும் அதனுடனேயே விழுங்கிவிடுவேன். முடி கொட்டுவதால் ஒரு மாதமாக பயோட்டின் என்ற வைட்டமினும் சாப்பிடுகிறேன். இப்போது டி.எஸ்.ஹெச். 0.2 என்று வந்துள்ளது, படபடப்பும் இருக்கிறது. ரத்தம் எடுக்க வந்தவர், தைராய்டு குணமாகிவிட்டது, மாத்திரையை நிறுத்தலாம் என்கிறார். நிறுத்தலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம். டி.எஸ்.ஹெச். என்பது தைராய்டு சுரப்பியைத் தூண்டும் ஹார்மோன். உடலில் தைராய்டு ஹார்மோன் கூடினால் அது குறையும். எடை குறைந்தால் பலருக்கு மாத்திரையின் அளவு குறையும். பத்து ஆண்டுகளாகச் சரியாகச் சுரக்காத சுரப்பி அதனால் மட்டும் குணமாகிவிடாது. உங்கள் அளவையும் மருத்துவர் குறைக்க நேரலாம். ஆனால் அவர் முடிவெடுக்க நம்பகமான ரிப்போர்ட் வேண்டும். உங்கள் ரிப்போர்ட் மீதே எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

காரணம் பயோட்டின். உடலுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 30 மைக்ரோகிராம் போதும். முடிக்கென்று விற்கும் மாத்திரைகள் பலவற்றில் 10,000 மைக்ரோகிராம் இருக்கிறது. சில ஆய்வகக் கருவிகளின் பரிசோதனை முறையே பயோட்டினைச் சார்ந்தது என்பதால், ரத்தத்தில் அது மிகுந்திருந்தால் டி.எஸ்.ஹெச். பொய்யாகக் குறைந்தும், தைராய்டு ஹார்மோனான டி4 பொய்யாகக் கூடியும் காட்டும். இதை அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-லேயே எச்சரித்தது. அப்படியிருந்தும், எழுபது எண்பது பரிசோதனைகளை ஒரே பேக்கேஜாகக் கட்டி வீடு தேடி வந்து விற்பவர்கள், பயோட்டின் சாப்பிடுகிறீர்களா என்ற ஒரு கேள்வியைக் கேட்பதில்லை. கேட்காததோடு, மருந்தை நிறுத்தும்படி ஆலோசனையும் சொல்கிறார்கள் என்பது எனக்குக் கோபமூட்டுகிறது. ரத்தம் எடுப்பவர் மருத்துவர் அல்லர். அறுவைசிகிச்சைக்குப் பின் மூன்றாவது மாத வாக்கில் தொடங்கும் முடி உதிர்வு பெரும்பாலும் வேகமாக எடை குறைவதால் வருவது, தானாகவே நிற்கும். அதற்குப் புரதமும் இரும்புச்சத்தும்தான் முக்கியம்.

பயோட்டினை நிறுத்தி, மூன்று நாள் கழித்து டி.எஸ்.ஹெச்., ஃப்ரீ டி4 (ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் டி4) ஆகிய இரண்டை மட்டும் பாருங்கள். படபடப்பு இருப்பதால் இந்த வாரமே மருத்துவரிடம் செல்லுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் வந்தால் உடனே அவசர சிகிச்சைக்குப் போய்விட வேண்டும்.

அடுத்தது நேரம். கால்சியமும் இரும்பும் தைராய்டு மருந்தைக் குடலிலேயே பிடித்துக்கொண்டு ரத்தத்தில் சேரவிடாது. நான்கு மணி நேர இடைவெளி தேவை. எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீருடன் தைராய்டு மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்துக் காபி, மதிய உணவோடு கால்சியம், இரவில் இரும்பு என்று பிரித்துக்கொள்ளுங்கள். இப்படிப் பிரித்தால் அதே 125 மைக்ரோகிராம் முன்பைவிடக் கூடுதலாக உடலில் சேரும் என்பதால், மருத்துவருக்குத் தெரிவித்துவிட்டே மாற்றுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் மீண்டும் பரிசோதிக்க வேண்டும். இதையெல்லாம் மருத்துவமனையே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். ‘பழைய மாத்திரைகளைத் தொடரவும்’ என்ற ஒற்றை வரியோடு முடியும் டிஸ்சார்ஜ் சம்மரிகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டேன்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். மாதவிடாய் தள்ளிப்போயிருந்தால், மாத்திரையைக் குறைக்கும் பேச்சுக்கு முன் கர்ப்பப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு எதிர்பாராமல் கூடும். கர்ப்பத்தின் தொடக்கத்தில் சுரக்கும் ஹார்மோனே டி.எஸ்.ஹெச்.சைக் குறைத்துக் காட்டும். ஆனால் உங்களைப் போன்றவர்களுக்கு அப்போது மாத்திரையின் அளவைப் பெரும்பாலும் 25 முதல் 30 சதவீதம் வரை கூட்ட வேண்டியிருக்கும். அறுவைசிகிச்சைக்குப் பின் 12 முதல் 18 மாதங்கள் கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வது வழக்கம். உங்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை என்றால், கருத்தடை முறை குறித்து மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள்.